மணல்மேட்டில் நிற்பவன்

மே மாதம், 1988. செவ்வாய்க்கிழமை.

ராஜஸ்தானில் பட்டாளத்து லாரி ஓட்டும் என் மகன் அருளிடமிருந்து நாலு மாதமாகக் கடிதம் இல்லை. போன வாரம் அவன் முகாமிலிருந்து ஒரு கவர் வந்தது. விலாசம் அவன் எழுத்து இல்லை. உள்ளே ஒரு போட்டோ மட்டும்தான். மலை மாதிரி மணல், அதன் உச்சியில் நகத்தளவு ஓர் ஆள்.

அது அருள்தானா என்று தெரிந்தால் போதும் எனக்கு. பெரிசாக்கித் தரச் சொல்லி ஆவடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பாபுவிடம் கொடுத்திருந்தேன். இன்று போனேன்.

"இன்னா மாப்ளே, எம்புள்ளய எறும்பு சைசுல புடிச்சிகீறாங்க. நீயாவது ஆளாக்கினியா?" என்று வழக்கம்போல் சீண்டினேன்.

"மணலு எம்மாம் ஒசரம்னு காட்டத்தான்க்கா ஆள நிக்க வெக்கிறது. மூஞ்சி வெறும் புள்ளியா கீது. நீ அழுவியேன்னு நானே கண்ணு, மூக்கு, மீசை வச்சி டச்சிங் பண்ணிட்டேன்."

அருளுக்கு மீசை கிடையாது. பெரிய படத்தில் எவனோ சிரிக்கிறான்.

"சரி, என் சின்ன போட்டோவ குடு."

"அதுலதான்க்கா மொதல்ல வரைஞ்சேன். அத வச்சிதான் பெர்சு பண்ணேன்."

"மீசை நல்லாத்தான் கீது, பொண்ணு பாரு" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது சின்ன போட்டோவை மடியில் வைத்து, ஈரத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மீசையை ஓரமாக ஒரு முறை தொட்டேன். மையோடு தோளும் கொஞ்சம் வந்துவிட்டது. இன்னும் துடைத்தால் அடியில் அருள் இருப்பானோ, வெறும் மணல்தான் இருக்குமோ. துணி காய்ந்துகொண்டிருக்கிறது.