அடிப்பதற்குச் சற்று முன்

அன்பு வீட்டுக்காரிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நானும் வாண்டும் சுகம். சுகமில்லாதது வாஷிங் மெஷின் மட்டும்தான். கடைசிச் சுற்றில் வீட்டையே தூக்கிக்கொண்டு கிளம்புகிற மாதிரி ஆடுகிறது. ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் அப்பா பேச்சை எடுத்தாலே "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் நீ தங்கியிருக்கும் ஹோட்டலுக்குக் கூரியரில் அனுப்புகிறேன்.

கண்ணாடிக் கடையில் வியாபாரம் பரவாயில்லை. பள்ளி விடுமுறை நேரம், கண் பரிசோதனைக்குப் பிள்ளைகள் வரிசை கட்டுகிறார்கள். நம் வாண்டுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதைக் காட்டவேண்டும் என்பதற்காகவே, தேவையில்லாத இடத்தில் எல்லாம் சிரிக்கிறாள்.

வெள்ளிக்கிழமை உன் கோல்ஃப் ஆட்டத்தை டிவியில் பார்த்தோம். பந்துக்குப் பின்னால் நின்று கொடி இருக்கும் திசையைப் பார்த்தாய். புல்லில் ஓர் அடையாளம் பிடித்துக்கொண்டாய். மட்டையைக் காற்றில் ஒருமுறை வீசினாய். பந்தருகே வந்து காலை ஊன்றி, தலையைத் திருப்பிக் கடைசியாக ஒரு பார்வை. வருஷக்கணக்காக நீ செய்கிற அதே வரிசை, ஒன்றும் மாறவில்லை. அதற்கப்புறம்தான் வினை. நின்றாய், நின்றுகொண்டே இருந்தாய். நடுவர் கடிகாரத்தோடு வந்து, தாமதம் என்று உன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிவிட்டார். அடி குறைந்தவர்களுக்குத்தானே ஜெயம், அந்த ஓர் அடியில் நீ போட்டியைவிட்டு வெளியே வந்துவிட்டாய். வரும் வியாழக்கிழமை தொடங்குவதுதான் இந்த வருஷத்தின் கடைசிப் போட்டி. அதிலும் இப்படி நின்றால் அடுத்த வருஷம் ஆட உனக்கு இடமே இருக்காது என்று எனக்குத் தெரியும்.

நீ யோசிப்பது ஜாஸ்தி என்கிறார் டிவியில் பேசுகிறவர். காற்றில் வீசுவதை விட்டுவிடு என்கிறார் கோச். நீ என்னிடம் சொன்னது, "எல்லாம் சரியாத்தான் செய்யறேன், கை மட்டும் கிளம்ப மாட்டேங்குது." எனக்கு என்ன புரியும்? கோல்ஃப் மட்டையை விளக்குமாறு மாதிரிப் பிடிக்கிற ஆள் நான் என்று நீயே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாண்டு கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். மட்டைக்குக் குடை, பந்துக்கு உருட்டிய காலுறை, குழிக்கு என் செருப்பு. அப்படியே உன்னை உரித்து வைத்த மாதிரிதான். பின்னால் நின்று பார்த்தாள், காற்றில் வீசினாள், கிட்டே வந்து காலை ஊன்றினாள், தலையைத் திருப்பினாள். பிறகு "க்கும்" என்று பெரிய மனுஷன் மாதிரி ஓர் இருமல் இருமிவிட்டு அடித்தாள். காலுறை சோபாவுக்கு அடியில் போய்விட்டது. தொண்டை சரியில்லையோ என்று வெந்நீர் கொண்டுவந்தேன். எரிந்து விழுந்தாள். "ஐயோ அப்பா, அம்மா இப்படித்தான அடிப்பாங்க!" இருமாமல் அடித்துப் பாரேன் என்றேன். "அப்போ எப்ப அடிக்கணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய வீடியோக்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் உன் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாரே மாமா, அவர் இருமல்தான் அது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சரியாக அவருக்குத்தான் தொண்டை கரகரக்கும். கூட ஆடுகிறவர்கள் முறைப்பார்கள், நடுவர்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள். "அப்பா, மானம் போகுது" என்று நீயே அவர் சட்டைப்பையில் இருமல் மிட்டாயைத் திணிப்பாய். மிட்டாயையும் தின்பார், இருமவும் செய்வார். நீ கடைசியாகத் தலையைத் திருப்புகிறாய், அவர் இருமுகிறார், உன் மட்டை கிளம்புகிறது. நான் பார்த்த வீடியோக்களில் ஒன்றுகூட இதற்கு மாறாக இல்லை. இது உனக்கும் தெரியவில்லை, மாமாவுக்கும் தெரிந்திருக்காது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணாடியை விட்டவர்கள் கடைக்கு வந்தால், இல்லாத கண்ணாடியை விரலால் மூக்குமேல் தள்ளிவிட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கும் அது தெரிவதில்லை.

புதிதாகப் பை தூக்க வந்திருப்பவர் நல்ல மனுஷன்தான், தூண் மாதிரி சத்தமில்லாமல் நிற்கிறார். அவருக்குப் போன் போட்டு, இந்த இடத்தில் கொஞ்சம் இருமுங்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். சம்பளத்துக்கு இருமினால் அது மாமா இருமல் ஆகுமா?

அதனால் உன்னிடமே சொல்கிறேன். உன் வரிசையில் எதையும் குறைக்காதே. அதில் ஒரு குறையும் இல்லை, கடைசி இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அங்கே எதை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மூச்சை விடுவதோ, கால் விரலை அழுத்துவதோ, நீயே பழகிப் பார்த்துக் கண்டுபிடி. ஆனால் அதற்கு முன்னால் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை வாய்விட்டு அழுதுவிடு. மாமா போன அன்று வீடே அழுதது. நீ வந்தவர்களுக்கு எல்லாம் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாய். காரியம் முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். எனக்கு அது மனசைவிட்டுப் போகவே இல்லை.

தோற்றால் வீட்டுக்கு வா. இங்கே தாமதமாக வந்தால் யாரும் அடியைக் கூட்டமாட்டார்கள். ஆனால் நீ ஆடவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

வியாழக்கிழமை நானும் வாண்டும் டிவி முன்னால் இருப்போம். முதல் பந்துக்கு முன்னால் நீ நிற்கும்போது எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் உனக்கு எதுவும் கேட்காது, கண்ணு. மாமா இனிமேல் இருமமாட்டார். யாராவது உன்னிடம் இதைச் சொல்லியாக வேண்டும், அது நானாக இருக்கட்டும். காத்திருக்காதே. நீயே அடி.

நீ நன்றாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லாத,
உன் வீட்டுக்காரன்