பெரியம்மாவின் தண்ணீர்ப் பாடங்கள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் போனேன், கை வரவில்லை. அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். போனில் பேசினால் நீயும் அழுது நானும் அழுது ஒரு சங்கதியும் நடப்பதில்லை, லெட்டர் போடு என்றாய். இதோ போட்டுவிட்டேன்.

நீ வாண்டுக்கு அனுப்பிய முதல் பாடம் வந்து சேர்ந்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மிஷினில் படுத்திருக்கிற பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? நல்லவேளை, சயின்ஸ் டீச்சரே எனக்கு அக்காவாக வாய்த்தாள். நீ சொன்னபடி வாண்டு உலகப் படத்தில் கடலுக்கெல்லாம் நீலம் அடித்தாள். பென்சில் தேய்ந்தே போயிற்று. "இவ்ளோ தண்ணி இருக்கே, எனக்கு மட்டும் ஏன்மா அந்தக் குட்டி பாட்டில்?" என்று கேட்டாள். கிட்னி ரெண்டும் வேலை செய்யவில்லை, ஒரு நாளைக்கு அவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நூறாவது தடவையாகச் சொன்னேன். என் மூஞ்சியைப் பார்க்காமல் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். எட்டு வயசுக்கு அவளுக்கு இருக்கிற ரோஷத்தைப் பார்!

எனக்குச் சர்க்கரை, இவருக்கு ரத்த வகையே சேரவில்லை. உன் கிட்னி நன்றாகப் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் வருகிறது. அத்தானிடம் பேசிவிட்டாயா? எப்போது வருகிறாய்?

உன் தங்கை

ஜூன் 15

அருமைத் தங்கச்சிக்கு,

லெட்டர் வந்தது. அந்த ரோஷம் உன்னுடையதுதான், வேறு யாருடையது!

இரண்டாவது பாடம் எழுதுகிறேன். ஒரு பக்கெட் நிறையத் தண்ணீர் பிடி. பூமியில் இருக்கிற மொத்தத் தண்ணீரும் இதுதான் என்று சொல். அதில் ஒரு சின்ன டம்ளர் மட்டும் மொண்டு தனியே வைத்துவிட்டு, பக்கெட்டில் உப்பை அள்ளிப் போடு. பக்கெட் கடல், டம்ளரில் இருப்பது நல்ல தண்ணீர். அந்த டம்ளரிலும் மூன்றில் இரண்டு பங்கைக் கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வை. அது பனி. மிச்சம் ஏறக்குறைய எல்லாமே பூமிக்கு அடியில், நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. ஆறு, ஏரி, குளம் எல்லாம் சேர்ந்து சில சொட்டுதான். அதை அவள் உள்ளங்கையில் விடு. என் வகுப்புப் பிள்ளைகள் இந்த இடத்தில் வாயைப் பிளப்பார்கள்.

அத்தானுக்கு வேலை மும்முரம். பெரியவனுக்குப் பரீட்சை வேறு. நேரம் பார்த்துப் பேசுகிறேன். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அன்புடன்
அக்கா

ஜூன் 27

அக்காவுக்கு,

நீ டீச்சர்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சொட்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாண்டு கேட்ட கேள்வியைக் கேள்: "அம்மா, உலகத்துக்கும் டாக்டர் அளவு சொல்லிட்டாரா?" நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரித்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன் பார், அங்கேதான் தப்பு பண்ணினேன். கடல் எப்படி இருக்கும் என்று பக்கெட்டில் விரலை விட்டு நக்கியிருக்கிறாள். உப்பு பட்டதும் தாகம் தாங்கவில்லை. டம்ளரில் மிச்சம் இருந்ததைக் குடித்து, ஃப்ரீசரில் உறையாமல் கிடந்ததைக் குடித்து, பிறகு குழாயையும் திறந்துவிட்டாள். ஏண்டி இப்படிச் செய்தாய் என்றால், "பூமிக்கு அடியில இருக்கறது யாருக்கும் தெரியாதுன்னு நீதானே சொன்னே" என்கிறாள். சாயங்காலம் முகம் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸ் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். மிஷினில் போட்டு அவ்வளவு தண்ணீரையும் எடுத்தார்கள். ஊசி குத்தும்போது மட்டும் அவள் அழவே மாட்டாள். நான்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

உன் மேல் எனக்கு வருத்தமில்லை. பக்கெட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனது நான். ஆனால் இது தள்ளிப்போடுகிற சமாச்சாரம் இல்லை அக்கா. முடியும் என்றால் முடியும் என்று சொல், முடியாது என்றால் முடியாது என்று சொல். முடியாது என்றால் கோபப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கண்டிப்பாகக் கோபப்படுவேன். இருந்தாலும் சொல்லிவிடு.

உன் தங்கை

ஜூலை 6

தங்கச்சிக்கு,

வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், தாகத்தோடு இருக்கிற பிள்ளை முன்னால் பக்கெட்டை வைக்கச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னைத் திட்டியிருக்கலாம் நீ.

இந்தத் தடவை குடிக்க ஒன்றும் இல்லாத பாடம். வெயில் நேரத்தில் மாடித் தரையில் அவள் ஈரக் கையைப் பதிக்கட்டும். சுற்றிச் சாக்பீஸால் கோடு போடு. கை காய்ந்து மறைகிற வரைக்கும் உட்கார்ந்து பார்க்கட்டும். தண்ணீர் எங்கே போயிற்று என்று கேள். காணாமல் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் மேலே போயிருக்கிறது என்று சொல்.

மற்ற விஷயத்தை ஸ்கூல் லீவு விட்டதும் பேசுவோம். வாண்டுக்கு என் முத்தம்.

அக்கா

ஜூலை 19

அக்காவுக்கு,

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தேதியைப் பற்றிக் கேட்டேன். கிட்னி மாற்று ஆபரேஷன் வேலைகளைப் பார்க்கிற அம்மா ஃபைலைப் புரட்டிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க அக்காதான் வேணாம்னு சொல்லிட்டாங்களே? மே மாசமே போன் பண்ணாங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார்.

மே மாசம். உன் முதல் பாடமே ஜூனில்தான் வந்தது.

உன் உடம்பு உன்னுடையது. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை, தெரியும். அத்தான் தடுத்தாரோ, நீயே பயந்தாயோ, அது எனக்குத் தேவையில்லை. பயமாயிருக்குடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னை நாலு திட்டு திட்டி, அழுது, மறுநாளே ஆஸ்பத்திரி வரிசையில் அவள் பெயரைப் பதிந்திருப்பேன். யாரோ முகம் தெரியாதவர் கிட்னிக்காக இத்தனை நாளும் அவள் அந்த வரிசையில் நின்றிருப்பாள். நீ வருவாய் வருவாய் என்று நான் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குத்தான் பதிந்தேன் அக்கா. அவளுக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்கப் பயந்து வந்துவிட்டேன்.

வாண்டுக்கு ஒன்றும் தெரியாது. தபால்காரர் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறாள், பெரியம்மா பாடம் வந்ததா என்று. அதில் மட்டும் கை வைக்காதே. பாடம் அனுப்பு, அவள் பெயருக்கே அனுப்பு. எனக்கு எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

வாண்டின் அம்மா

ஜூலை 28

என் தங்கம் வாண்டுக்கு,

இனிமேல் பாடம் உன் பெயருக்கே வரும். பெரிய மனுஷி ஆகிவிட்டாய்!

இன்றைக்கு மழைப் பாடம். அம்மா சமைக்கும்போது பாத்திரத்து மூடியை எடுத்துக் காட்டச் சொல். உள்பக்கம் சொட்டுச் சொட்டாக நிற்கும். சூட்டில் மேலே போன ஆவி மூடியில் பட்டு, குளிர்ந்து, மறுபடி தண்ணீராகிவிட்டது. வானத்தில் மேகம் உண்டாவதும் இப்படித்தான். தொடாதே, சுடும். நக்கியும் பார்க்காதே, எனக்கு உன்னைத் தெரியும்.

ஊசி குத்தும்போது நீ அழவே மாட்டாயாமே. பெரியம்மா அப்படி இல்லை கண்ணு. பெரியம்மா ரொம்பப் பயந்தாங்கொள்ளி.

மூடியில் பார்த்ததைப் படமாக வரைந்து அனுப்பு. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி எழுது, அம்மா சரியாகச் சாப்பிடுகிறாளா என்று. நான் கேட்டதாக அவளிடம் சொல்ல வேண்டாம்.

பெரியம்மா