கட்டிலோடு போன உத்தரவு

20 மே 1978

நூலகத்திலிருந்து திரும்பினால் என் இரும்புக் கட்டிலைக் காணோம். அதன் அடியிலிருந்த செய்தித்தாள் கட்டையும் காணோம். இரண்டையும் விளாங்குடி காயலான் கடைக்குக் கைவண்டியில் அனுப்பிவிட்டாளாம் அம்மா.

கட்டுக்குள் காரைக்குடிப் பள்ளியின் நியமன உத்தரவு இருந்தது. ஜூன் பன்னிரண்டுக்குள் சேர வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்பா பார்த்திருக்கும் திருச்சி வரனுக்கு வேலைக்குப் போகிற பெண் வேண்டாமாம்.

“பழைய பேப்பருக்கு ஏன்டி இப்படி முழிக்கறே? புதையல் ஏதாவது வச்சிருந்தியா?”

தெரிந்துதான் கேட்டாளா?

21 மே

ஓட்டை வாளியைச் சாக்காக வைத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மொக்கைச்சாமி தகரம் தனி, புட்டி தனி என்று பிரித்துக்கொண்டிருந்தார். பள்ளி முத்திரை போட்ட தாள் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். முத்திரைத் தாள் எதையும் அவர் எடைக்கு அனுப்புவதில்லையாம். கம்பியில் குத்தி வைத்துவிடுவாராம்.

“ரேஷன் கார்டைப் போட்டுட்டு எம்புட்டுப் பேரு அழுதுக்கிட்டு வாராக தெரியுமா!”

கம்பியில் யாருடைய சான்றிதழோ இருந்தது. என்னுடையது இல்லை.

“காரைக்குடித் தாளு எதையும் பாக்கலையே தாயி.”

ஊர்ப் பெயரை நான் சொல்லவே இல்லை.

22 மே

பொட்டலம் மடிக்க விற்றிருந்தால் மொக்கைச்சாமிக்கு ஊர் எப்படி நினைவிருக்கும்?

26 மே

இன்று உடைந்த நாற்காலியுடன் போனேன். ஊர்ப் பெயர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் தராசின் படிக்கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கோவிச்சுக்கிடாத தாயி. கைலாசநாதன்னு அப்பா பேரு போட்டிருந்துச்சு. அன்னிக்கே ஒங்கப்பா சாமிகிட்டக் குடுத்துப்புட்டேன். பாப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ வாயத் திறக்காதன்னாக.”

ஆறு நாளாக அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று மத்தியானம், “அவளுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் விடு” என்றார் அம்மாவிடம். என்றும் இல்லாத பரிவு.

5 ஜூன்

அப்பா தாமே தபால் பெட்டி வரை போய் வந்தார். யாருக்கு? ஏன் நான் கேட்கவில்லை? கேட்டால் சொல்லிவிடுவாரோ என்றுதான் —

12 ஜூன், காரைக்குடி

நூலகம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

தலைமையாசிரியை உட்காரச் சொல்லவில்லை. “வேலை வேண்டாம்னு எழுதியிருந்தீங்களே?” என்று ஒரு கடிதத்தை நீட்டினார். எழுத்து அப்பாவுடையது. கீழே ‘கை. பத்மாசினி’ என்று என்னுடையதைப் போலவே ஒரு கையெழுத்து.

“நான் எழுதவில்லை.”

அவர் வருகைப் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்திட்டேன். கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்; சுழி ஒத்துப்போகவில்லை.

“அப்போ இது யார் எழுதினதும்மா?”

“தெரியாது” என்றேன்.