நுரையீரல் தொட்டியில் ஆறு விரல் தண்ணீர்

செவ்வாய், உப்புக்குழி நிலையம்
நாள் 212. காலை 07:10

பேசுறது முத்துமாலை. எனக்கு எழுத்துத் தெரியாது. சொல்லச் சொல்ல மெஷின் எழுதிக்கிடுது. நிலையத்தில் ரெண்டே பேர். நானும், பாறையில் துளை போடுற லூர்தும். உப்புத்தூசி அவன் நுரையீரலைத் தின்னுட்டு. முகமூடி போட்டுக் கட்டிலில் கிடக்கான். அவன் செல்லை எடுத்தே தொட்டியில் புதுசு வளருது. தொட்டி ஆக்ஸிஜன் மூணு சதவீதம். உள்ளே தண்ணீர் ஆறு விரல். எல்லாம் சரி.

நாள் 213. 09:40

ஆக்ஸிஜன் ஆலை நின்னுபோச்சு. மிச்சம் ஒரே சிலிண்டர். தலைமை நிலையத்து டாக்டர் ஜெபராணி பேசினது:

"அண்ணாச்சி, வயித்துப்பிள்ளைக்கு இருக்கிற மாதிரி ஆக்ஸிஜனைக் கம்மியா வச்சிருந்தோம். அப்போ செல்லுங்க சோடியத்தை இழுக்காது, அதான் உங்க உப்புல இருக்கிறது. தண்ணி உள்ளேயே நின்னு நுரையீரலை வளர்க்கும். இனி இருபத்தொண்ணுக்கு ஏத்துங்க. செல் முழிச்சு சோடியத்தை வெளியே இழுக்கும், தண்ணியும் போயிரும். மூணு நாள்ல காஞ்சதும் மெஷின் கையே பொருத்திரும். சிலிண்டர்ல பாதி தொட்டிக்கு, பாதி லூர்துக்கு. மூணு நாள் வரும்."

தொட்டித் தண்ணியில் ஒரு சொட்டு ருசி பார்த்து வச்சுக்கிட்டு ஏத்திட்டேன்.

நாள் 214. 11:05

உப்பு காட்டுற மீட்டர் செத்துப்போச்சு. எனக்கு எதுக்கு மீட்டர்? தருவைக்குளம் உப்பளத்தில் நாப்பது வருஷம். புயல் வந்த வருஷம் எந்தப் பாத்தித் தண்ணி எப்படிக் கரிச்சதுன்னு இன்னும் நாக்குல இருக்கு. திரும்ப ஒரு சொட்டு வச்சேன். அதே கரிப்பு.

முகமூடிக்குள்ளருந்து லூர்து, "என்ன மாமா, என் நெஞ்சுத்தண்ணிய ருசி பாக்கீரு? தொட்டுக்க கருவாடு வேணுமா?"ன்னான். சிரிச்சு, அரைமணி நேரம் இருமினான்.

நாள் 215. 10:30

அதே கரிப்பு. உப்பு போகலை. செல் முழிக்கலை. தண்ணி ரெண்டு விரல்தான் நிக்கி, சூட்டுக்கு ஆவியாயிருக்கும். லூர்துக்கு உதடு நீலம். செத்ததுக்கு எதுக்குக் காத்து? தொட்டிக் குழாயை அடைச்சு முழுசையும் அவனுக்குத் திருப்பிட்டேன்.

நாள் 216. 09:50

டாக்டர்கிட்ட சொன்னதும்: "அய்யோ அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணினீங்க! நுரையீரல்ல உப்பும் தண்ணியும் சேர்ந்தே போகும். எவ்வளவு போனாலும் மிஞ்சினது அதே கரிப்புதான். மட்டத்தைல்லா பாக்கணும்! ஆவியாப் போயிருந்தா கரிப்பு ஏறியிருக்காதா? அளத்துக்காரர் உங்களுக்கா நான் சொல்லணும்? உடனே திற..."

புழுதிக்காத்து. தொடர்பு அத்துபோச்சு.

ஆவியானா கரிப்பு ஏறும். எனக்குத் தெரியும். பிறந்ததிலேருந்து தெரியும்.

மட்டம் பார்த்தேன். ரெண்டு, மறுபடி மூணாகியிருக்கு. காத்து இல்லாம செல் திரும்பத் தூங்கிட்டு. சிலிண்டர் முள் அடியில். இனிப் பிரிச்சா ரெண்டுக்கும் பத்தாது.

12:20

லூர்து முகமூடியைக் கழட்டிட்டேன். எல்லாம் தொட்டிக்கு. ஏன்னு சொன்னேன். அவன் மண்டையில் ஏறலை. முகமூடியைப் பிடிச்சு இழுக்கான். விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். அறைக்காத்து எனக்கே பத்தலை.

நாள் 217. 06:00

ரெண்டு விரல். "மாமா, மாமா"ங்கான். வேற பேச்சில்லை.

11:30

ஒரு விரல். பிடிச்சிருந்த என் கையை விட்டுட்டான். நான் விடலை. இன்னும் கொஞ்சம்லே. கொஞ்சம்.

16:45

காஞ்சிருச்சு. வெளுப்பா, லேசா. விரியுது. சுருங்குது. மெஷின் கை கட்டில் வரைக்கும் வந்து, அவன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, நின்னு, திரும்பிப் போயிட்டு.

டாக்டரம்மா, அழகா மூச்சு விடுது. இதை நான் யாருக்கு