வசந்தா அக்கா வீட்டு ஏசி

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில். எட்டு மணிக்கே வேன் ஸ்டியரிங் சுடுகிறது. இன்று மூன்று வீடு. மறக்காமல் எடுக்க வேண்டியது: காப்பர் பைப், வேக்யூம் பம்புக்கு எண்ணெய், புது ட்ரில் பிட், மோர்.

முதல் வீடு ஒரத்தநாடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஒன்றரை டன். சிங்கப்பூரில் இருக்கும் மகன் பிரபு ஆர்டர் போட்டது. அப்பாவுக்குப் பக்கவாதம். இரண்டு வருஷமாகப் படுக்கை, பேச்சு போய்விட்டது. முதுகில் புண், வெயிலில் ஆற மாட்டேன் என்கிறது. அதற்காகத்தான் ஏசி. அம்மா வசந்தா, ஐம்பதைத் தாண்டியிருக்கும். வயல் வேலை முழுக்க அவர் தலையில். நானும் கூட வேலை பார்க்கும் அன்வரும் சுவரில் துளை போடும்போது வாசலில் நின்று டிராக்டர்காரரோடு போனில் சண்டை. “நாத்தாங்கால் உழுறதுக்கே ஒரு வாரம் இழுத்தடிச்சா எப்புடிங்க? ஆத்துல தண்ணி வந்தப்புறம் நான் எதை நடுறது, உங்க தலையையா?”

வேலை சுத்தம். பைப்பில் பிரஷர் ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவினோம், ஒரு குமிழி கிடையாது. வேக்யூம் அரை மணி. அவுட்டோர் யூனிட் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், இடுப்பு உயர ஸ்டாண்டில்.

ஏசிக்கான தனி லைனை ஊர் வயர்மேன் முன்பே இழுத்து வைத்திருந்தான். மீட்டர் வைத்தேன். ஃபேஸ் – நியூட்ரல் 228. ஃபேஸ் – எர்த் 228. நியூட்ரல் – எர்த் பூஜ்யம். மெஷின் ஓடும்போதும் பூஜ்யம். மண்ணில் உண்மையாகவே எர்த் இறங்கியிருந்தால் ஒரு வோல்ட்டாவது காட்ட வேண்டும். சுத்தமான பூஜ்யம் என்றால், பிளக் பெட்டிக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து வைத்திருப்பான். இந்தப் பக்கம் முன்பும் பார்த்திருக்கிறேன். மூடியைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

கழற்றவில்லை. மணி பன்னிரண்டு. இன்னும் இரண்டு வீடு பாக்கி.

“எல்லாஞ் சரியா இருக்கா தம்பி?” என்று அக்கா கேட்டார். “ஃப்ரிட்ஜத் தொட்டா சமயத்துல சுர்ருங்குது. அதான் கேக்குறேன்.”

“செருப்பு போட்டுக்கிட்டுத் தொறங்கக்கா.”

சிரித்தார். நானும் சிரித்தேன். ஃபாரத்தில் ‘எர்த் – சரி’ கட்டத்தில் டிக். என் கையெழுத்து. கீழே அவர் கையெழுத்து, எழுத்தெழுத்தாக.

நாங்கள் கிளம்பும்போது பெரியவர் தூங்கிவிட்டிருந்தார்.

மே 9, வெள்ளி

பல்வலி. வலது பக்கம் மெல்ல முடியவில்லை. மெடிக்கல் காலேஜ் ரோட்டில் கேஸ் லீக், இண்டோர் யூனிட்டுக்குள் பல்லி செத்துக் கிடந்தது.

ஒரத்தநாடு ரோட்டு வீட்டு பிளக் நினைவு இரண்டு தரம். அந்தப் பக்கம் வேலை வந்தால் ஒரு எட்டுப் போய்ப் பார்க்க வேண்டும்.

மே 14, புதன்

மேகம் கட்டியது, பெய்யவில்லை. புழுக்கம்.

அந்தப் பக்கம் வேலை வந்தது. வேன் திரும்ப வேண்டிய இடத்தைக் கடக்கும்போது அன்வர் சொன்னான்: “அந்தக்கா வீட்டுல மோர் நல்லா இருந்துச்சுல்ல?” நிறுத்தவில்லை. ஷோரூமிலிருந்து போன் மேல் போன்.

பல் டாக்டர் – சனிக்கிழமை.

மே 19, திங்கள்

பதினொரு மணிக்கு முதலாளி போன். “ஒரத்தநாடு பக்கம் ஒரு ஒன்றரை டன் போட்டீங்கல்ல? அந்தம்மா இறந்துட்டாங்களாம். கரண்ட்டு. நீ அங்க போகாத. கடைக்கு வா.”

வேறொரு வீட்டு மொட்டை மாடியில் நின்றிருந்தேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். எங்கே வைத்தேன் என்று பிறகு தேடினேன்.

போனேன். தெருவில் ஈர வாழைமட்டை வாசனை, பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். கொல்லைப் பக்கம் போலீஸ். பக்கத்து வீட்டுப் பெண் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “கரண்டுதான் போயிருந்துச்சே. ஃபேன் நின்னு போச்சு, ஏசி நின்னு போச்சு. கரண்டு இல்லாத நேரத்துல எப்புடிங்க ஷாக்கு அடிக்கும்?”

எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

மே 20, செவ்வாய்

மின் ஆய்வாளர் வந்தார். நாற்பது வயதிருக்கும் அம்மா, அதிகம் பேசாதவர். மூடியைக் கழற்றினார்கள். உள்ளே இரண்டங்குல சிவப்பு வயர், எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவில். அந்த வீட்டில் மண்ணுக்குள் ஒரு கம்பியும் இல்லை.

நடந்தது இது. மெயின் சுவிட்சில் நியூட்ரல் முனை பழசு, தளர்ந்திருந்தது. பதிமூன்று நாள் ஏசி இழுத்த சூட்டில் கருகி விட்டுப்போயிற்று. உடனே வீட்டில் எல்லாம் நின்றது. ஆனால் ஃபேஸ் வந்துகொண்டேதான் இருந்தது. திரும்பிப் போக வழி இல்லாமல், அந்தச் சிவப்பு வயர் வழியாக ஏசியின் இரும்பு உடம்பில் ஏறி நின்றது. எர்த் இருந்திருந்தால் மண்ணுக்குள் போயிருக்கும்.

அக்கா கரண்ட் இல்லை என்று நினைத்துக் கொல்லைக்குத் துவைக்கப் போயிருக்கிறார். ஈரத் துண்டை அவுட்டோர் யூனிட் மேல் விரித்திருக்கிறார். சூட்டில் சீக்கிரம் காய்கிறது என்று தினமும் அப்படித்தானாம். வெறுங்கால். ஈர சிமெண்ட்.

பெரியவர் உள்ளே கட்டிலில். சத்தம் கேட்டிருக்கும். கூப்பிட அவருக்கு வாய் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் பால்காரர் பார்த்தார்.

சாயங்காலம் கடையில் முதலாளி ஃபாரத்தை மேசையில் வைத்தார். “மீட்டர் காட்டுனத எழுதியிருக்க. எர்த் சரின்னு போட்டிருக்க. தப்பு பண்ணது வயர்மேன். கேட்டா இவ்வளவுதான் சொல்லணும். ஒரு வார்த்தை கூடக் கூடாது.” அன்வர் தலையாட்டினான். நான் ஆட்டினேனா தெரியவில்லை.

மே 21, புதன்

வேலைக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். மனைவி மலர் ரசம் வைத்தாள், தொடவில்லை.

“உங்க மேல தப்பா?” என்று கேட்டாள்.

“மீட்டர் சரியாத்தான் காட்டுச்சு.”

“நான் மீட்டரக் கேக்கல.”

மே 22, வியாழன்

ஆய்வாளர் அலுவலகம். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். மேசை மேல் என் ஃபாரத்தின் நகல்.

“நியூட்ரல் – எர்த் கட்டத்துல ஒண்ணும் எழுதலியே. பாக்கலியா?”

“பாத்தேம்மா. பூஜ்யம்.”

பேனாவை நிறுத்தினார். “பூஜ்யம்னா என்ன அர்த்தம்னு அப்பவே தெரியுமா?”

“தெரியும். சேத்துக் கட்டியிருப்பான்னு தோணுச்சு. தொறந்து பாக்கல. அந்தம்மா ஃப்ரிட்ஜுல ஷாக் அடிக்குதுன்னும் சொன்னாங்க. அதையும் விட்டுட்டேன்.”

பேனாவை மேசையில் வைத்தார். “இத நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எழுதுனா உங்களுக்கு என்ன வரும்னு தெரியும்ல?”

“எழுதிக்குங்க.”

வெளியே வேப்பமரத்தடியில் அன்வர் நின்றிருந்தான். சொன்னேன். என் சட்டையைப் பிடித்துவிட்டான். ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. “உன் மனசு லேசாவணும்னு என் தலையையும் சேத்து வச்சிட்டியேடா. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்குடா.”

அவன் சொன்னதில் ஒன்று மட்டும் தப்பு. மனசு லேசாகவில்லை.

மே 27, செவ்வாய்

இனி வர வேண்டாம் என்று முதலாளி. வேன் சாவி, மீட்டர், யூனிஃபார்ம் இரண்டு திருப்பிக் கொடுத்தேன். அன்வரையும் நிறுத்திவிட்டார். ஸ்டேஷனில் இரண்டு தரம் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். வயர்மேன் வீடு பூட்டிக் கிடக்கிறதாம். கேஸ் எப்படிப் போகும் என்று யாரும் சொல்லவில்லை.

பல்லைப் பிடுங்கியாயிற்று. மரத்துப்போன பாதி முகத்தோடு பஸ்ஸில். இந்த மாதிரி மரத்தே இருந்தால் தேவலை.

ஜூன் 3, செவ்வாய்

கருமாதி. போகாதீர்கள் என்று மலர் சொன்னாள். போனேன். பந்தலுக்கு வெளியே, வைக்கோல் போர் பக்கம் நின்றேன். பிரபு வந்தான். முப்பது வயசு இருக்கும், மொட்டை, கண் வீங்கியிருந்தது. யார் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“நீங்கதானே மாட்டுனது?”

“ஆமாங்க.”

“அம்மா உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். “எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டாங்க. ஃப்ரிட்ஜ் சுர்ருங்குதுன்னாங்க. நான் செருப்பு போட்டுக்கிட்டுத் தொறங்கன்னு சொன்னேன்.”

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குத்த வைத்து உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இங்கயே இருக்குற காத்து போதும்னு சொன்னாங்க அம்மா. நான்தான் கேக்கல. சீக்கிரம் மாட்டச் சொல்லிக் கடைக்குத் தெனம் போன் போட்டதும் நான்தான்.”

பிறகு எழுந்தான். “நான் ஞாயித்துக்கிழமை திரும்பிப் போகணும். அத்தை வந்து அப்பாவப் பாத்துக்கும். இந்த வீட்டுலதான் ரெண்டு பேரும் இருக்கணும். எர்த் போடணும். வேற யாரையும் கூப்புட எனக்குப் பயமா இருக்கு. நீங்களும் வேணாம்னுதான் தோணுது. ஆனா வாங்க. வியாழக்கிழமை.”

சாப்பிட்டுப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் எப்படி.

ஜூன் 5, வியாழன்

எட்டு மணிக்குப் போனேன். வாசலில் அன்வர் பைக். கடப்பாரையோடு உட்கார்ந்திருந்தான். மலர் சொல்லியிருப்பாள்.

கொல்லையில் குழி. மேலே காய்ந்த களிமண், கடப்பாரை துள்ளுகிறது. நாலடிக்குக் கீழே ஈரம். குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றி நிரப்பி, மூன்று குடம் தண்ணீர். குழாயிலிருந்து தனிக் கம்பி மெயின் போர்டுக்கு. சிவப்புத் துண்டு வயர்கள் வீட்டில் இன்னும் இரண்டு: ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின். வெட்டி எறிந்தோம். கருகின நியூட்ரல் முனை புதிது. கசிவு வந்தால் அந்த நொடியே மொத்த வீட்டையும் அணைக்கிற பிரேக்கர் ஒன்று. பட்டனை அழுத்திப் பார்த்தேன், விழுந்தது. பிரபுவையும் அழுத்தச் சொன்னேன். அத்தையையும்.

அத்தை போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “எவ்வளவு நேரம் ஆச்சு இதுக்கு?”

“ஒரு பகல்ங்க.”

“ஒரு பகலா?”

அவ்வளவுதான் கேட்டார். அன்வர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஏசியைப் போட்டோம். எல்லா அளவும் சரி. பெரியவர் கட்டிலில் ஒருக்களித்து, கொல்லைக் கதவைப் பார்த்தபடி. குளிர் பட்டும் கண் மூடவில்லை. பிரபு கதவைச் சாத்தப் போனான், குளிர் வெளியே போகிறது என்று. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது அவருக்கு. திறந்தே விட்டுவிட்டான்.

வயலை உழவில்லை. குத்தகைக்கு விடப் பேசுகிறார்கள்.

திரும்பும்போது அன்வர் வாயைத் திறந்தான். “வேற எத்தனை வீடுடா?” பழைய ஃபாரங்களின் கார்பன் நகல் என் பீரோவில் கட்டாகக் கிடக்கிறது. சொன்னேன்.

“நாளைக்கு ஜும்ஆ தொழுகை. சனிக்கிழமை வர்றேன்.”

ஜூன் 7, சனி

காலையில் நாலு வீடு. மூன்றில் எர்த் நன்றாக இருந்தது. அன்வர் பாட்டு முணுமுணுக்கக்கூட ஆரம்பித்தான். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. “சர்வீஸ் எல்லாம் பண்ணியாச்சு, போங்க.”

ஐந்தாவது பாபநாசம் ரோடு. போன வருஷம் போட்டது. வீட்டில் ஒரு பெண்ணும் ஐந்து மாதக் கைக்குழந்தையும். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, ஏசி அறையில்தான் வைத்திருக்கிறார். மூடியைக் கழற்றினேன். பச்சை எர்த் வயர் மூலையில் சும்மா மடித்துக் கிடக்கிறது. நடுவில் ஒரு கறுப்புத் துண்டு.

விஷயத்தைச் சொன்னேன். எர்த் போடும்வரை ஏசி ஓடக்கூடாது என்றேன். வெளி யூனிட்டைத் தொடாதீர்கள் என்றேன்.

“போன வருஷம் வந்தவங்க எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்களே!” உள்ளே போய் ஃபாரத்தைத் தேடி எடுத்து வந்தார். மடிப்பைப் பிரித்துப் பெயரைப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “சரவணன்னு போட்டிருக்கு. யாரு அது?”

“நான்தாங்க.”

குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். அன்வர் போய் மெயினை அணைத்தான். ஃபேன் சுற்றி நின்றது. குழந்தை அழ ஆரம்பித்தது.