அப்பாவின் தள்ளாட்டம்

கேப் பிரெட்டன்,
6 அக்டோபர் 1996

அன்புள்ள மோரக் அக்காவுக்கு,

இந்த வருஷமும் நண்டுப் பருவத்துக்கு நீ வரவில்லை. உன் தம்பி பெண்டாட்டி ஜீன் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள்.

என் கை தானாகத் துள்ளுகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஹாலிஃபாக்ஸில் டாக்டர் புத்ரோ என்ற அம்மாளிடம் போனோம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அறைக் கதவைச் சாத்தி, மணி அடிக்காதபடி தொலைபேசியின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார். "லாக்லன், நல்ல சேதி இல்ல. மெதுவா சொல்றேன். போதும்னு தோணினா நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

ஹன்டிங்டன் நோய். நடை போகும், பேச்சு போகும், பிறகு நினைவும் போகும். மருந்து கிடையாது. எதையும் மறைக்கவில்லை. ஜீன் அழுது முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை.

அப்பாவைப் பற்றிக் கேட்டார். குடிகாரர், தள்ளாடித் தள்ளாடியே படகிலிருந்து விழுந்து செத்தார் என்றேன். "குடிச்சதுனால தள்ளாடல லாக்லன். அவருக்கும் இதுதான் இருந்திருக்கணும்" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரக்கூடிய நோயாம்; கூடப் பிறந்தவர்கள் உண்டா என்றும் கேட்டார்.

உன் தம்பி,
லாக்லன்

டொராண்டோ,
20 அக்டோபர் 1996

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்பா செத்தபோதுகூட நான் அழவில்லையேடா. ஊரோடு சேர்ந்து நானும் அவரைக் குடிகாரன் என்றேனே.

எனக்கு ஒன்றும் இல்லை. மாடிப்படியில் கால் இடறுகிறது, வயதாகிவிட்டது, அவ்வளவுதான். மகள் எய்லீன் முழுகாமல் இருக்கிறாள். இந்தப் பேச்சு அவள் காதுக்குப் போகவே கூடாது. உன் டாக்டரைப் பற்றியும் இனி எழுதாதே.

அக்கா,
மோரக்

கேப் பிரெட்டன்,
3 நவம்பர் 1996

அக்கா,

சரி, எழுதவில்லை. படியில் பார்த்து இறங்கு.

லாக்லன்

டொராண்டோ,
9 பிப்ரவரி 1997

லாக்லன்,

கோபித்துக்கொள்ளாதே. ஹாலிஃபாக்ஸ் வரை வந்தும் உன் வீட்டுக்கு வரத் துணியவில்லை. உன் டாக்டரிடம் ரத்தம் கொடுத்தேன். போன வாரம் முடிவு கேட்க மறுபடி வந்தேன். எனக்கும் அதேதான்.

"எய்லீனுக்கு நீங்களே சொல்லிடுங்களேன்" என்று கெஞ்சினேன். "சொல்றேன். ஆனா முதல்ல அம்மா வாயால கேட்டா அவங்களுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்" என்றார். எப்படித் தொடங்குவது என்றேன். என்னையே எய்லீன் ஆக்கி, தான் மோரக் ஆகிச் சொல்லிக் காட்டினார். பிறகு என்னைச் சொல்லச் சொன்னார். மூன்று தடவை உடைந்துபோனேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவே இல்லை.

குழந்தைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன்பு சொல்வதா, பின்பா என்று இனி நீயும் நானும் முடிவு செய்ய முடியாது. யார் சொல்லித் தெரிந்ததோ, நேற்று அவளே தொலைபேசியில் கேட்டுவிட்டாள்: "அம்மா, மாமாவுக்கு இருக்கிறது எனக்கும் வருமா?"

வாசலில் அவள் கார் வந்து நிற்கிறது.

மோரக்