கொலுப் பூங்காவில் ஒரு மஸ்டாங்

நவராத்திரி ஐந்தாம் நாள், மயிலாப்பூர்

இப்போதுதான் மூச்சு சீராக வருகிறது. மழை வந்தால் வேளச்சேரி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடும் என்று என் நண்பன் சேகர் தன்னுடைய பொம்மைக் கார்ப் பெட்டிகள் மூன்றை என்னிடம் கொடுத்து வைத்திருந்தான். எல்லாம் பழைய அமெரிக்க மஸ்டாங் காரின் அபூர்வ மாடல்கள். பெட்டியைப் பிரித்துவிட்டால் சேகரிக்கிறவர்கள் அதைச் சீந்தக்கூட மாட்டார்கள்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பார்க்கிறேன், கொலுவுக்கு முன்னால் என் மனைவி ஜானகி போட்டிருந்த மணல் பூங்காவில், செட்டியார் பொம்மைக்கு எதிரே, நீல மஸ்டாங் நிற்கிறது.

"ரோடு காலியா இருந்துது. பெட்டிக்குள்ள சும்மாத்தானே கெடந்தது?" என்றாள்.

கத்துவதற்கு வாயெடுத்தேன். வாசல் மணி அடித்தது. கொலு பார்க்க மனைவியோடு வந்து நின்றது சேகரேதான்.

பூங்காவை மறைத்துக்கொண்டு நின்றேன். பயனில்லை. எட்டிப் பார்த்துவிட்டான். குனிந்து காரை இரண்டு விரலால் எடுத்தான்.

"டேய், கதவு தெறக்குதுடா!"

"உனக்குத் தெரியாதா?"

"வாங்குனதுலேர்ந்து பிரிச்சதே இல்ல. எப்படித் தெரியும்?"

அப்படியே தரையில் உட்கார்ந்து மணலில் ஓட்ட ஆரம்பித்துவிட்டான். சுண்டல் ஆறிப்போனது.

கிளம்பும்போது படியில் நின்று, "மீதி ரெண்டு பெட்டி எங்க?" என்றான்.

"பீரோல பத்திரமா இருக்குடா."

"அதையும் பிரிச்சு வைக்கச் சொல்லு. இது பாவம், தனியா நிக்குது."

ஜானகி ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருக்கிறாள்.